கழிவு எண்ணூறு

வக்கீல் தன் மனைவிக்குத் தர வேண்டிய கடன் பதினோராயிரத்து நானூற்று அறுபது. அவர்கள் வீட்டுத் துணி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் அந்தத் தொகை சாக்பீஸால் எழுதியிருந்தது. எழுதியவள் அவள். கீழே கையெழுத்துப் போட்டவன் அவன். வட்டி வேண்டாம் என்று அவளே பெரிய மனசு பண்ணிவிட்டாள்.

வக்கீல் என்றதும் கறுப்புக் கோட்டை நினைத்துவிட வேண்டாம். அவன் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். நாற்பத்தொரு வயதில் எழுத்துப் படித்தான். அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, அவன் தரையில் உட்கார்ந்து எழுத, ஒன்றரை வருஷத்தில் கைநாட்டுப் போய்க் கையெழுத்து வந்தது. வந்ததும் தலைகால் புரியவில்லை. எந்தச் சீட்டை நீட்டினாலும் வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, முழுக்கப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போடுவான். லாரிக்காரர்கள் ஹாரனை அடித்துத் தீர்ப்பார்கள். "சார்வாள் கேஸ் கட்டைப் பார்க்கிறார், கொஞ்சம் பொறுங்க" என்று மேஸ்திரி ஒருநாள் சொன்னார். அன்றிலிருந்து வக்கீல்தான்.

அவளுக்கு ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து கால் இரண்டும் போயின. அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் இவனைக் கட்டிக்கொண்டாள். ஆனால் தெருவில் பார்க்கிறவர்கள், நடுவில் ஏதோ விபத்து நடந்து, இவன் விட்டுவிட்டுப் போகாமல் வைத்துக் காப்பாற்றுகிறான் என்றே நினைத்துக்கொள்வார்கள். குரலைத் தாழ்த்தி அவனிடம் கேட்பார்கள், எப்ப ஆச்சு என்று. பதினாறு வருஷம் ஆச்சு என்பான். எப்படி ஆச்சு என்பார்கள். "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவ கையெழுத்துப் போட்டா, நான் கைநாட்டு வச்சேன். ஆயிடுச்சு" என்பான்.

அந்த ரிஜிஸ்டர் ஆபீசில் ஒன்பது படி. மாப்பிள்ளை மிடுக்கில் அவளை மூட்டை மாதிரி அலாக்காகத் தூக்கிவிட்டான். அவள் கிள்ளிய கிள்ளலில் அவன் காது மூன்று நாள் சிவந்திருந்தது. சமாதானம் பேசும்போது கிடங்கு வழக்கத்தைச் சொன்னான். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி ஒருத்தன் தோளில் ஏற்றும்போது, சுமக்கிறவன் "ம்" என்று சொன்னால்தான் மற்ற இருவரும் கையை விடுவார்கள். சொல்லாமல் விட்டால் கழுத்து ஒடியும். அவள் யோசித்துவிட்டு, "அது கிடங்கு. இங்க சுமைதான் 'ம்' சொல்லும்" என்றாள். அன்று முதல் அதுதான் வீட்டு வழக்கம். அவள் "ம்" சொல்லாமல் அவன் கை அவள் மேலோ நாற்காலி மேலோ படாது.

அவள் வேலை பார்த்தது லிஃப்ட் ரிப்பேர் செய்கிற கம்பெனியில். டெலிபோன் எடுக்கிற வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து போன் பண்ணிக் கத்துவார்கள், அழுவார்கள், திட்டுவார்கள். "பதறாதீங்க. அப்படியே கீழ உக்காருங்க. நானும் உக்காந்துதான் இருக்கேன், ஆள் வர்ற வரைக்கும் பேசிட்டிருப்போம்" என்பாள். மெக்கானிக்குகள் அவளுக்கு வைத்த பேர் ஹலோ அக்கா. வீட்டிலிருந்து நாலு தெரு. அவளே சக்கரத்தை உருட்டிக்கொண்டு போவாள், வருவாள். வழியில் காய்கறி வாங்குவாள், பாக்கி வைத்தவனிடம் சண்டை போடுவாள்.

அந்த நாற்காலி அவள் சம்பளத்தில் வாங்கியது. ஒன்பதாயிரத்து எண்ணூறு. அவள் இடுப்புக்கு ஏற்றபடி அச்சைத் தள்ளி மாட்டி, பெரிய சக்கரத்துக்கு நல்ல டயர் போட ஆயிரத்து ஐந்நூறு. மேலே ஒரு நூற்றறுபது, பின்னால் இருந்த இரண்டு கைப்பிடியையும் அறுத்து எடுக்க.

அந்த நூற்றறுபதுக்கு ஒரு கதை இருக்கிறது. ஒருநாள் சாலை ஓரத்தில் ஒரு தோழிக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நல்ல மனுஷர் ஒருவர் பின்னாலிருந்து வந்தார். கேட்கவில்லை, கொள்ளவில்லை. கைப்பிடியைப் பிடித்து, வண்டிகளுக்குக் கை காட்டி நிறுத்தி, சாலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு, "பத்திரமா போம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். அந்தப் பக்கம் அவளுக்கு வேலையே இல்லை. திரும்பி வரக் கால் மணி நேரம் ஆயிற்று, தோழியும் போய்விட்டாள். மறுநாளே வெல்டிங் கடைக்குப் போய்ப் பிடியை அறுத்துக்கொண்டு வந்தாள். "இனிமே எவன் தள்ளுறான்னு பாக்கிறேன்" என்றாள்.

வினை அங்கேதான் தொடங்கியது. ஒரு மத்தியானம் வக்கீல் மறந்து வைத்துவிட்டு வந்த கண்ணாடியைக் கொடுக்க அவள் கிடங்குக்கு வந்தாள். மேஸ்திரி இளகின மனசுக்காரர். அவர் கண்ணில் பட்டது அறுபட்ட பிடிதான். பின்னால் பிடிக்கப் பிடிகூட இல்லாத ஒடிந்த வண்டியில் வக்கீல் சம்சாரம் உருட்டிக்கொண்டு போகிறாளே என்று அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அடுத்த சம்பளத்தன்று கிடங்கில் வேலை பார்க்கிற பதினொரு பேரிடமும் வசூல் பண்ணிவிட்டார். வக்கீலுக்கு விஷயம் தெரிந்ததே சக்கர நாற்காலிக் கடை வாசலில்தான்.

அவன் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். பிடியை அவளேதான் அறுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் பதினொரு பேர் முதுகு வலித்துச் சம்பாதித்த காசு மேஸ்திரியின் கைக்குட்டையில் முடிச்சாக இருந்தது. ஒன்றுக்கு இரண்டாக வீட்டில் கிடக்கட்டுமே, என்ன கெட்டுப்போகும் என்று தனக்குத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டான்.

கடைக்காரர் சீட்டு எழுதினார். பழையது ஒன்று இருக்கிறது என்று மேஸ்திரி பேச்சுவாக்கில் சொன்னதையும் காதில் வாங்கிக்கொண்டார். சீட்டை வக்கீலிடம் நீட்டினார்கள். அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்தான். விலை ஏழாயிரத்து முந்நூறு. அடுத்த வரி: பழைய வண்டி கழிவு எண்ணூறு. மீதி ஆறாயிரத்து ஐந்நூறு.

"என்ன வக்கீலே, கேஸ் எப்படி?" என்றார் மேஸ்திரி.

"எண்ணூறு கழிச்சிருக்காங்க" என்றான் அவன், ஏதோ தானே பேசிக் குறைத்த மாதிரி. எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். கையெழுத்துப் போட்டான். பேருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு பேரும் கடை வேனோடு வந்து இறங்கினார்கள். அவளிடம் முதல் நாளே சொல்லியிருந்தான். எனக்கு எதுக்கு என்று முதலில் கேட்டாள். பிறகு, ஆசையாகச் செய்கிறவர்கள் மனசு நோக வேண்டாம், வரட்டும் என்றாள். வீடு கொள்ளவில்லை. புது வண்டி பளபளவென்று இருந்தது. பின்னால் நீளமாக இரண்டு கைப்பிடி. நாலு சக்கரமும் சாப்பாட்டுத் தட்டு அளவுதான், உட்கார்ந்தபடி எட்டிப் பிடித்து உருட்ட எதுவுமே கிடையாது. ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவார்களே, அந்த ரகம். அவள் "ம்" என்றாள், வக்கீல் தாங்கிக்கொள்ள அதில் மாறி உட்கார்ந்தாள். கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, வக்கீலைப் பார்த்து, "உன்னை மாதிரி ஒருத்தனைப் பாக்க முடியாதுடா" என்றார். அந்த நெரிசலில் வேன்காரர் பழைய நாற்காலியை வெளியே எடுத்துப் போனதை வக்கீல் பார்த்தான். இடம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு அவள் கேட்டாள், என் வண்டி எங்கே என்று.

வாசலில் இல்லை. சந்தில் இல்லை. அவள் சீட்டை வாங்கிப் படித்தாள். ஒரு முறைதான் படித்தாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு, படிங்க."

"பழைய வண்டி கழிவு எண்ணூறு. கழிவுன்னா விலையில குறைக்கிறது. நீதானே சொல்லிக்கொடுத்த?"

"குறைச்சான். எதுக்குக் குறைச்சான்?"

அவன் மறுபடியும் விரலை வைத்தான். இப்போது அந்த வரி வேறு மாதிரி படித்தது. பழைய வண்டி. கழிவு. குப்பை, கூளம், தூக்கிப் போடுகிறது. பழைய வண்டியைக் கழிவாக எடுத்துக்கொண்டு எண்ணூறு கொடுத்திருக்கிறான். கையெழுத்து அடியில் கோட்டோடு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் கடைக்கு ஓடினான். சரக்கு நேற்றே பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே ஓடினான். சட்டத்தை நசுக்கியாகிவிட்டது. பெரிய சக்கரம் இரண்டும் மட்டும் ஆணியில் தொங்கின. கேட்ட விலையைக் கொடுத்து, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு வந்தான். அவள் சக்கரத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு அலமாரியைத் திறக்கச் சொல்லிக் கணக்கை எழுதினாள். சக்கரத்துக்குக் கொடுத்த காசைக் கழித்துக்கொள்ளலாமா என்று அவன் மெல்ல இழுத்தான். "அது அபராதம். கடன்ல சேராது" என்றாள்.

அவனுக்கு அது ஒருவிதத்தில் நிம்மதிதான். அழுதிருந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்காது. கடன் என்றால் அடைக்கலாம். வாரம் நானூறு என்று பேச்சு. சனிக்கிழமைதோறும் ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவான், அவள் அலமாரிக் கதவில் கழிப்பாள். கிடங்கில் டீயை நிறுத்தினான், பீடியைப் பாதியாக்கினான்.

ஆனால் வாரம் நானூறில் நாளைக்கு ஆபீஸ் போக முடியாதே. அவன் வேலை ஏழு மணிக்கு, அவளுக்கு எட்டரைக்கு. ஆறரைக்கே தள்ளிக்கொண்டு போய், வாட்ச்மேனை எழுப்பிக் கதவைத் திறக்கச் சொல்லி, மேஜைக்கு எதிரே நிறுத்திவிட்டு ஓடுவான். சாயங்காலம் வந்து தள்ளிக்கொண்டு திரும்புவான். இத்தனை வருஷம் அவளைக் கண்டுகொள்ளாத தெரு இப்போது அவனைக் கொண்டாடியது. தங்கமான மனுஷன் என்றார்கள். இஸ்திரிக்காரர் கும்பிடே போட்டார். அவள் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு போனாள். கடன்காரனுக்குக் கிடைக்கிற மரியாதையைப் பாருங்கள் என்று ஒருநாள் மட்டும் சொன்னாள்.

ஆபீசில் அவன் எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தினானோ அதுதான் அன்றைக்கு அவள் உலகம். தண்ணீருக்கு ஒருவரைக் கூப்பிட வேண்டும், பாத்ரூமுக்கு ஒருவரை. கூப்பிடக் கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். ஏழாவது வாரத்தில் ஒருநாள் கூட்டுகிறவர் அவளை நகர்த்திவிட்டுக் கூட்டினார், பழையபடி திருப்ப மறந்துவிட்டார். அவள் முகத்துக்கு எதிரே பீரோ. முதுகுக்குப் பின்னால் போன் அடித்தது. பதினான்கு முறை அடித்து ஓய்ந்தது. யாரோ ஒருவர் எங்கேயோ இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

மேனேஜர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். "பரவாயில்லம்மா, உங்க நிலைமை எங்களுக்குப் புரியாதா" என்றார். ஒண்ணாம் தேதியிலிருந்து போனை வேறு பெண் பார்த்துக்கொள்வாள், நீங்கள் வீட்டில் ஓய்வாக இருங்கள், பாதிச் சம்பளம் வீடு தேடி வரும் என்றார். அதைக் கேட்டு மெக்கானிக் ஒருவர் முதலாளியை வாழ்த்தினார்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது குரல் மாறவேயில்லை. "ஒண்ணாம் தேதிக்கு இன்னும் பன்னெண்டு நாள் இருக்கு" என்று மட்டும் முடித்தாள். வக்கீல் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். வாரம் நானூறு வைத்தால் இன்னும் ஐந்து மாதத்துக்கு மேல்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினான். அறுத்த பிடி, கழிவு, பீரோ, ஒண்ணாம் தேதி. மேஸ்திரிக்கு முகம் செத்துவிட்டது. கேட்காமல் கொடுத்தது தப்பாடா, நல்லதுக்குத்தானேடா செஞ்சோம் என்றார். வக்கீல் சுற்றி வளைக்கவில்லை. "நீங்க 'ம்' வாங்காம கைய விட்டுட்டீங்க மேஸ்திரி. நானும் பாத்துக்கிட்டே நின்னேன்" என்றான். மேஸ்திரி பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார்.

சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவளுக்கு எதிரில் நின்றுகொண்டு, வக்கீலைப் பார்த்துக் கேட்டார்: "இப்ப அவங்களுக்கு என்ன வேணும்னு கேளுடா."

"காலுதான் போச்சு மேஸ்திரி. காதும் வாயும் இங்கதான் இருக்கு" என்றாள் அவள்.

மேஸ்திரி தன் தலையில் தானே ஒன்று வைத்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தார். "சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

அவள் காரியமாகப் பேசினாள். இந்த வண்டியைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டால் அந்தப் பணம் வேண்டும். பிச்சையாக வேண்டாம். "எனக்குன்னு கொடுத்ததுதானே? அப்ப அது எதுக்குன்னு நான்தான் சொல்லணும்." சக்கரம் இருக்கிறது. சட்டம் மட்டும் வெல்டிங் கடையில் செய்ய வேண்டும். அளவெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மேஸ்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கிளம்பும்போது, அந்தப் பையன்கள் மனசு சங்கடப்படுமே என்றார். அவர்களையும் ஒருநாள் கூட்டி வாருங்கள், நானே சொல்கிறேன், கடிக்க மாட்டேன் என்றாள்.

கடைக்காரர் நாலாயிரத்து ஐந்நூறுதான் தருவேன் என்றார். பதினொரு பேர் சம்மன் இல்லாமல் கடைக்குள் நின்றும் அதற்கு மேல் ஒரு காசு பெயரவில்லை. பிஸ்கட் டப்பாவில் எட்டு வாரப் பணம், மூவாயிரத்து இருநூறு. வெல்டிங்காரர் எட்டாயிரம் கேட்டார், ஏழாயிரத்து ஐந்நூறுக்கு இறங்கி வந்தார்.

வெல்டிங்காரரும் அளவை வக்கீலிடம்தான் கேட்டார். வக்கீல் உஷாராக, "வண்டி அவளுது, அவகிட்ட கேளுங்க" என்று ஒதுங்கினான். இதுவரை சரி. ஆனால் பின்னால் பிடி வைக்கவா என்று அவர் கேட்டதும் வாய் சும்மா இருக்கவில்லை. "பிடியே கூடாது. அவளுக்குப் பிடிக்காது" என்றான், மனைவியின் மனசைக் கரைத்துக் குடித்தவன் மாதிரி.

"உங்களை யாரு கேட்டா?" என்றாள் அவள்.

அவள் வெல்டிங்காரரிடம் திரும்பி, பிடி வேண்டும், ஆனால் கழற்றி மாட்டுகிற மாதிரி மரை போட்டு வேண்டும் என்றாள். மழை நாளில், வண்டி ஏற வீட்டு வாசலில் போட்டிருக்கிற பலகை வழுக்குகிறது. காய்ச்சல் வந்தால் தோள் வலிக்கிறது. வயசும் ஏறுகிறது. பிடி தேவைப்படுகிறபோது மாட்டிக்கொள்வேன், மற்ற நேரம் என் பையில் கிடக்கட்டும். அதற்கு இருநூறு கூட. கையில் இருந்த பணம் துடைத்தாற்போல் காலி.

முப்பதாம் தேதி வண்டி வந்தது. வர்ணம் அடிக்க நேரமில்லை, சட்டம் வெல்டிங் கறுப்போடு இருந்தது. ஒண்ணாம் தேதி காலையில் வக்கீல் வழக்கம்போல ஆறு மணிக்கே எழுந்து சட்டையை மாட்டினான். எங்கே கிளம்பிட்டீங்க என்று அவள் படுக்கையிலிருந்து கேட்டாள். எட்டு மணிக்கு அவளே போனாள். பெண் ஒருத்தி போனுக்கு எதிரே உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாளாம். முதல் மணி அடித்ததும், லிஃப்டுக்குள்ளே இருந்த ஆள் கத்திய கத்தலில் அவள் ரிசீவரை ஹலோ அக்காவின் கையில் கொடுத்துவிட்டு எழுந்துகொண்டாளாம். மேனேஜர் வந்தபோது அக்கா பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் எடுக்க அவளே பானைக்குப் போவதையும், வழியில் பீரோவை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவதையும் பார்த்தார். ஓய்வைப் பற்றி அப்புறம் பேச்சே எடுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மழை. வக்கீல் வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தபோது அவள் வாசல் பலகைக்குக் கீழே வண்டியில் நனைந்துகொண்டிருந்தாள். பலகை பாசி பிடித்து மின்னியது. ஓடிப்போய்த் தள்ளத்தான் கை பரபரத்தது. நின்றான். அவளும் நனைந்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, என்ன மனுஷன் நீ, பெண்டாட்டியை மழையில் நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்கிறாயே என்று சத்தம் போட்டார். தங்கமான மனுஷன் என்று எட்டு வாரம் சொன்னதும் அவர்தான்.

அவள் பையைத் திறந்து இரண்டு பிடியையும் எடுத்து நீட்டினாள். அவன் மரையில் திருகினான்.

"ம்" என்றாள்.

உள்ளே போய்த் தலையைத் துவட்டிய பிறகு அவன் நானூறை எடுத்து டப்பாவில் போடப் போனான். அவள் தடுத்தாள். அலமாரியைத் திறந்து சாக்பீஸை எடுத்தாள். மீதி எட்டாயிரத்து இருநூற்று அறுபது என்று இருந்ததற்குப் பக்கத்தில் ஒரு சொல்லை எழுதினாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, எழுத்துக் கூட்டினான்.

"தள்ளு. படி." நிமிர்ந்தான். "இப்பத்தானே தள்ளினேன்? எந்தப் படி?"

அவள் சிரித்த சிரிப்பில் சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது. கடன் இனி இல்லை என்று அர்த்தம் என்றாள். கழிவுக்குப் பாதி அர்த்தம் மட்டும் சொல்லிக்கொடுத்தவள் நான், அதில் என் பங்கும் இருக்கிறது என்றாள்.

"வேற அர்த்தம் ஏதாவது இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடு."

"இல்ல. கையெழுத்துப் போடுங்க."

அவன் இன்னும் ஒரு முறை விரலை வைத்து முழுக்கப் படித்தான். உடைந்த சாக்பீஸில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக் கையெழுத்துப் போட்டான். கீழே கோடு இழுக்கவில்லை.